கண்டக்டர் பதில்கள்: தங்கவயலுக்கு ஒரு டிக்கெட்

கிருஷ்ணகிரி – குப்பம் தடத்தில் பல வருடம் விசில் ஊதி ஓய்வு பெற்ற நடத்துநர், வாசகர்களின் பயணக் கேள்விகளுக்கு இந்தப் பகுதியில் பதில் சொல்கிறார். கோலார் தங்கவயல் (கேஜிஎஃப்) பற்றியும் அதற்கும் நமக்கும் நடுவில் கிடக்கும் காட்டைப் பற்றியும் வந்த கடிதங்களை இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறார்.

கேள்வி: நண்பர்கள் நாலு பேர் பைக்கில் கேஜிஎஃப் போகலாம் என்று இருக்கிறோம். சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்க்க அங்கே யாரைப் பிடிக்க வேண்டும்? சயனைடு மலை மேல் ஏறி வீடியோ எடுக்க விடுவார்களா?
– கல்லூரி மாணவர், ஓசூர்

பதில்: யாரைப் பிடித்தாலும் இறங்க முடியாது தம்பி. 2001 பிப்ரவரி கடைசியோடு சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அடியில் ஊறுகிற தண்ணீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டிருந்தார்கள், அதுவும் நின்றது. இன்றைக்கு அந்த ஷாஃப்ட்டுகளில், அதாவது ஆள் இறங்குகிற குழிகளில், தண்ணீர்தான் ஏறி நிற்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்று எவனாவது வந்தால் அவனோடு நின்று டீ கூடக் குடிக்காதீர்கள்.

ஓடிய காலத்திலேயே அது வேடிக்கை பார்க்கிற இடமாக இருந்ததில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். ஒரே கேஜில், அதாவது சுரங்க லிஃப்ட்டில், அத்தனை தூரம் இறங்க முடியாது. ஒன்றில் இறங்கி, உள்ளேயே நடந்து, அடுத்ததில் ஏற வேண்டும். அடியில் பாறையே 60 டிகிரிக்கு மேல் சுடும். மேலிருந்து குளிர்காற்றை அனுப்பினால்தான் மனுஷன் நிற்க முடியும். என் அத்தையைக் கட்டிக்கொடுத்தது அங்கேதான். மாமா சாம்பியன் ரீஃபில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்தால் வாசலிலேயே உட்கார்ந்து ஒரு சொம்பு உப்புப் போட்ட மோர் குடிப்பார். அது உள்ளே போகிறவரை வீட்டில் யாரும் அவரிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

இன்னொன்று ஏர் பிளாஸ்ட். அந்த ஊர்க்காரர்கள் வாயில் அந்தப் பெயர்தான். அவ்வளவு ஆழத்தில் பாறையைத் தோண்டி எடுத்துவிட்டால் மேலே இருக்கிற பாரம் பக்கத்துப் பாறையில் இறங்கும். தாங்க முடியாத நேரத்தில் அது தானாகவே வெடிக்கும். வெடி வைக்காமலே வெடிக்கும். மேலே தொழிலாளர்களின் லைன் வீடுகள் குலுங்கும். எங்கள் அத்தை பாத்திர அலமாரியில் மேல்தட்டில் கண்ணாடிச் சாமானே வைக்க மாட்டார். டம்ளர்கள் கிணுகிணுத்தால் கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு வந்து, சங்கு ஊதுகிறதா என்று காது கொடுப்பார். வரிசையில் எல்லா வீட்டு வாசலிலும் அப்படி ஒருத்தி நிற்பாள். சுரங்கத்தை மூடித் தண்ணீர் நிரம்பிய பிறகும் நில அதிர்வு இருந்தது, ஆராய்ச்சியாளர்கள் அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். நீங்கள் இறங்கப் பார்க்கிற இடம் அது.

சயனைடு மலை என்று நீங்கள் எழுதியிருப்பது மலை இல்லை. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கலந்த தண்ணீரில் தங்கத்தைக் கரைத்து எடுத்துவிட்டு, மிச்சச் சேற்றை நூறு வருடமாகக் கொட்டிய மேடு. ஊரைச் சுற்றி அப்படி 13 மேடுகள், ஆயிரம் ஏக்கருக்கு, மூன்று கோடி டன்னுக்கு மேல். சாயங்கால வெயிலில் பார்க்க அழகாகத்தான் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. சினிமாக்காரர்கள் சும்மா வரவில்லை. ஆனால் மழைத் தண்ணீர் அறுத்த ஓடைகள் உள்ளே ஆழமாகப் போகும், விளிம்பு காலடியில் பொலபொலவென்று உதிரும். பங்குனி, சித்திரைக் காற்றில் அந்தப் பொடி ஊருக்குள் இறங்கும். அத்தை வீட்டில் சோற்றுப்பானையை மூடாமல் வைத்தால் ஏச்சு விழும். காயப்போட்ட வேட்டியை மடித்தால் மடிப்பில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு இருக்கும். அந்தப் பொடியில் உருண்டு புரண்டு ரீல்ஸ் எடுக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கே தொண்டை கமறுகிறது. ரோட்டிலிருந்து பாருங்கள், நன்றாகத் தெரியும்.

அப்படியானால் எதற்குப் போவது என்கிறீர்களா? ரயிலுக்குப் போங்கள். பங்காருப்பேட்டையிலிருந்து தங்கவயலின் மாரிகுப்பத்துக்கு ஒரு கிளைப்பாதை பிரிகிறது. 1894-ல் தங்கத்துக்காகப் போட்ட பாதை. சுரங்கம் மூடியபோது ஊர் காலியாகிவிடும் என்றார்கள். ஆகவில்லை. ஜனங்கள் அதே வீடுகளில் இருந்துகொண்டு விடியற்காலையில் பெங்களூருக்கு வேலைக்குக் கிளம்பினார்கள். செக்யூரிட்டி, கார்மெண்ட்ஸ், ஆஸ்பத்திரி, ஐடி கம்பெனி என்று ஆயிரக்கணக்கானவர்கள். சாயங்காலம் பெங்களூரிலிருந்து திரும்புகிற வண்டியில் ஒரு தடவை ஏறிப் பாருங்கள். சீட்டுக்கட்டும் தூக்கமும் குடும்பச் சண்டையும் தமிழில் நடக்கும். பைக்கைப் பங்காருப்பேட்டையில் நிறுத்திவிட்டாவது அந்த ரயிலில் போங்கள். நீங்கள் படத்தில் பார்த்த பாழூர் அதில் இருக்காது.

கேள்வி: மாமியார், இரண்டு பிள்ளைகள், நானும் வீட்டுக்காரரும். ஒரே நாளில் தங்கவயல் போய் வர முடியுமா? எப்படிப் போவது, என்ன பார்ப்பது, எங்கே சாப்பிடுவது?
– வாசகி, பர்கூர்

பதில்: தாராளமாக முடியும் அம்மா. கிருஷ்ணகிரியிலிருந்து ரோடு வழியாகப் போனால் சுமார் 70 கிலோமீட்டர். அதற்குள் மூன்று மாநிலம். தமிழ்நாட்டில் ஏறி, ஆந்திராவில் குப்பத்தைத் தாண்டி, கர்நாடகாவில் இறங்குவீர்கள். என் வேலைக்காலத்தில் இந்தப் பக்கம் 'சில்லறை கொடுங்க', அந்தப் பக்கம் 'சில்லர இவ்வண்டி' என்று ஒரே சிங்கிளில், அதாவது ஒரு வழி டிரிப்பில், நாக்கு மாறும். சொந்த வண்டி இல்லையென்றால் குப்பம் வரை பஸ், குப்பத்தில் ரயிலேறி பங்காருப்பேட்டை, அங்கே மாரிகுப்பம் வண்டி. பிள்ளைகளுக்கு இதுதான் பிடிக்கும். கிளம்புவதற்கு முந்தின நாள் ரயில் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

மாமியாருக்காகக் கோடிலிங்கேஸ்வரர் கோயில். தங்கவயலுக்குப் பக்கத்தில் கம்மசந்திராவில் இருக்கிறது. 108 அடி உயர லிங்கம், எதிரே அதற்கேற்ற நந்தி, சுற்றிலும் வரிசை வரிசையாகச் சின்ன லிங்கங்கள். பழைய கோயில் இல்லை, சிற்பம் தேடாதீர்கள். பெரியவர்கள் கும்பிட்டுவிட்டு நிழலில் உட்காரட்டும். ஞாயிற்றுக்கிழமையும் சிவராத்திரியும் வேண்டாம்.

அதற்குப் பிறகு பேத்தமங்கலம் ஏரி. சுரங்கத்துக்கும் ஊருக்கும் குடிதண்ணீர் போனது இங்கிருந்துதான். அந்த ஏரிக்குத் தண்ணீர் தருவது பாலாறு. நம் வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாகப் போகிற அதே பாலாறு. கரையில் நின்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், பாடப்புத்தகத்தில் வருகிற ஆறு இங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று.

ஊருக்குள் ராபர்ட்சன்பேட்டை கடைத்தெரு. அகலமான நேர்த் தெருக்கள், வெள்ளைக்காரன் அளந்து போட்டது. சாம்பியன் ரீஃபில் பெரிய மாதா கோயில் இருக்கிறது, வெளியிலிருந்தாவது பாருங்கள். வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களா வீதியையும் தொழிலாளர் லைன் வீடுகளையும் அடுத்தடுத்துப் பார்த்தால் பிள்ளைகள் தாங்களாகவே கேள்வி கேட்பார்கள். ஒரு பக்கம் தோட்டம், டென்னிஸ் மைதானம், 1885-லேயே தொடங்கிய கிளப். இன்னொரு பக்கம் ஒரே கூரைக்குக் கீழே ஒட்டிக்கொண்டு போகிற ஒற்றை அறை வீடுகள்.

சாப்பாட்டைக் கையில் கட்டிக்கொண்டு போய்விடுங்கள், வயிற்றில் இடம் மட்டும் மிச்சம் வையுங்கள். திரும்பும்போது பங்காருப்பேட்டையில் பானி பூரி. அந்த ஊர் பானி நம் ஊர் மாதிரி பச்சையாக இருக்காது, குடிதண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். ஏமாந்து ஒரு மடக்கு குடித்தால் காது வரை காரம் ஏறும். சின்னவனுக்கு முதலில் பூரியை மட்டும் கொடுங்கள்.

கேள்வி: இப்போதும் அங்கே தங்கம் இருக்கிறதாமே? இடம் வாங்கிப் போட்டால் லாபமா?
– வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: 120 வருடத்தில் 800 டன் எடுத்திருக்கிறார்கள். மிச்சம் இருக்கிறது. ஆனால் கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறையை உடைத்தால் சில கிராம்தான், அதைத் தூக்குகிற செலவு தங்கத்தின் விலையைத் தாண்டியது. அதனால்தான் மூடினார்கள். அந்தச் சயனைடு மேடுகளிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை எடுக்க ஏலம் விடும் மத்திய அரசின் யோசனைக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை சம்மதம் கொடுத்தது. உங்களுக்கு வேண்டியது தங்கம் என்றால் கடைவீதிக்குப் போங்கள். இடம் வாங்க வேண்டுமென்றால் காவேரிப்பட்டினத்திலேயே மாந்தோப்பு வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் பாட்டனார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தார் என்று வீட்டில் சொல்வார்கள். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. போனால் அவரைப் பற்றி ஏதாவது கிடைக்குமா? நம் பக்கத்து ஆட்கள் நிறையப் போனார்களா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: நிறைய என்று சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது ஐயா, அந்த ஊரே நம் ஆட்கள் கட்டியது. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்து வேலையை எடுத்த பிறகு ஆள் தேவைப்பட்டது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் ஜில்லாக்களிலிருந்து போனார்கள். அப்போது தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேலம் ஜில்லா. 1965-ல்தான் தருமபுரி தனி மாவட்டம், 2004-ல் கிருஷ்ணகிரி. அதனால் பழைய காகிதத்தில் பாட்டனாரின் ஊரைத் தேடும்போது 'சேலம்' என்று போட்டிருந்தால் வேறு ஆள் என்று மடித்து வைத்துவிடாதீர்கள்.

போனவர்களில் பெரும்பாலோர் ஊரில் காணி நிலம் இல்லாதவர்கள், சேரியில் ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள். பஞ்சமும் துரத்தியது, பண்ணையாரும் துரத்தினார். குழிக்குள் இறங்கினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை, ஆனால் வாராவாரம் காசு கைக்கு வரும், யார் முன்னாலும் துண்டை இடுப்பில் கட்ட வேண்டாம். ஒரு காலத்தில் 30,000 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். மேலே இங்கிலாந்தின் கார்ன்வால் பக்கத்துச் சுரங்கக்காரர்கள், இத்தாலிக்காரர்கள், ஆங்கிலோ இந்தியர்கள், காவலுக்குப் பஞ்சாபிகள். கேஜில் அடிவரை இறங்கியது நம் ஆட்கள்.

இறங்கியவர்கள் சும்மாவும் இருக்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளைகள் இருந்தன. அவர் 1914-ல் காலமான பிறகு நின்றுபோன 'தமிழன்' பத்திரிகையை 1926-ல் தங்கவயலிலிருந்து மறுபடி கொண்டுவந்தவர் அப்பாதுரையார். பகலெல்லாம் பாறையை உடைத்துவிட்டு ராத்திரியில் பத்திரிகை படித்த ஊர் அது. 1930-ல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று கம்பெனி சொன்னபோது, நாங்கள் என்ன குற்றவாளிகளா என்று வேலையை நிறுத்திவிட்டார்கள். 21 நாள் ஒருவரும் இறங்கவில்லை. உங்கள் பாட்டனார் அந்தக் காலத்தவராக இருந்தால் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கலாம்.

சரி, எப்படித் தேடுவது? வெறுங்கையோடு போகாதீர்கள். வீட்டுப் பரணில் பழைய தகரப்பெட்டி இருந்தால் கவிழ்த்துப் பாருங்கள். பிஎஃப் சீட்டு, சம்பளச் சீட்டு, சர்வீஸ் சர்டிபிகேட், ஏதாவது ஒரு நம்பர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. எந்தச் சுரங்கம் என்பதைப் பெரியவர்களிடம் கேளுங்கள்: மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம். லைன் பெயர் ஞாபகம் இருந்தால் இன்னும் நல்லது, அங்கே ஆளை அடையாளம் காட்டுவது தெருப் பெயர் இல்லை, லைன் பெயர். குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். அப்புறம் அந்த லைனில் வாசலில் உட்கார்ந்திருக்கும் எழுபது வயதுக்காரர் யாரிடமாவது போய் நின்று, "நான் பாலக்கோட்டிலிருந்து வருகிறேன், எங்க பாட்டன் இங்க மைன்ஸ்ல இருந்தார்" என்று சொல்லுங்கள். உட்காரச் சொல்வார்கள், டீ வரும், பெயரைக் கேட்பார்கள். யார் யாரையோ கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

அந்தப் பெரியவர் பேச்சு நடுவில் இருமினால் அவசரப்படுத்தாதீர்கள். பாறைத்தூள் நுரையீரலில் தங்கி வருகிற சிலிகோசிஸ் அது. எங்கள் மாமா ஓய்வு பெற்ற பிறகு ஒரு வாக்கியத்தை இரண்டு தவணையில்தான் பேசுவார்.

கேள்வி: பள்ளி ஆசிரியர்கள் சிலர் வார இறுதியில் மலை ஏறுவோம். கிருஷ்ணகிரி, வேப்பனப்பள்ளி வழியாகக் காட்டுக்குள்ளேயே நடந்து தங்கவயல் பக்கம் போய்ச் சேர முடியும் என்று ஒருவர் சொல்கிறார். கூடாரம் போட்டு இரண்டு ராத்திரி தங்கலாமா?
– ஆசிரியர், தருமபுரி

பதில்: அந்த ஒருவரை முதலில் நடக்கச் சொல்லுங்கள் சார்.

வேப்பனப்பள்ளிக்கு வடக்கே காடு மூன்று மாநிலத்திலும் காலை நீட்டிக்கொண்டு கிடக்கிறது. எல்லைக்கல் எங்கே என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தக் காட்டில் அனுமதி இல்லாமல் மூன்று மாநிலத்தில் எந்த மாநிலத்து வனக்காவலர் கையில் சிக்கினாலும் வழக்குத்தான். வழக்கு கூடப் பரவாயில்லை. அது யானை நடக்கிற பாதை. வருடாவருடம் ஐப்பசி, கார்த்திகையில் கேழ்வரகு கதிர் முற்றுகிற நேரத்துக்குப் பன்னேர்கட்டா காட்டிலிருந்து கூட்டம் கிளம்பும். ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சானமாவு என்று வரும். சானமாவில் தேசிய நெடுஞ்சாலையைக் குறுக்கே தாண்டும், லாரிகளெல்லாம் நின்று வழி விடும். பிறகு சூளகிரி, வேப்பனப்பள்ளி, மகாராஜகடை. அங்கிருந்து ஆந்திரா. 1980-களில் இப்படிப் போன யானைகளில் சில அந்தப் பக்கமே தங்கிவிட்டன. ஆந்திராவில் யானை இல்லாமல்போய் ஏறக்குறைய இருநூறு வருடமாகியிருந்த சமயம் அது. அவற்றுக்காகத்தான் பலமனேர், குப்பம் காடுகளைச் சேர்த்துக் கவுண்டின்யா சரணாலயம் அறிவித்தார்கள். மகாராஜகடை பக்கம் பரண் கட்டி ராத்திரி முழுக்கத் தகரம் தட்டுகிற விவசாயியிடம் போய், இன்பமாகக் கூடாரம் போட்டுத் தூங்கப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். கடைசி டிரிப்பில் அவர்கள் டார்ச்சும் பட்டாசுமாக வண்டியில் ஏறுவதை நான் பார்த்திருக்கிறேன். பஸ் வெளிச்சத்தில் ரோட்டோரம் ஒரு கொம்பன் நின்றால் டிரைவர் விளக்கைக் குறைத்து, ஹாரன் அடிக்காமல், இன்ஜினை ஓடவிட்டு நிறுத்துவார். உள்ளே கைக்குழந்தை அழுதால்கூடத் தாய் வாயைப் பொத்துவாள். அது தன் பாட்டுக்கு ஒரு கிளையை ஒடித்துத் தின்று முடிக்கும், பிறகு போகும். அதுவரை டைம் ஷீட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நடக்க ஆசை என்றால் சட்டப்படி வழி இருக்கிறது. 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள், ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு அரசு மலையேற்றத்துக்கு விதிமுறை போட்டது. 2024 அக்டோபரில் வனத்துறையே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தது. இணையத்தில் பணம் கட்டிப் பதிவு செய்தால் பயிற்சி எடுத்த உள்ளூர் வழிகாட்டி கூட வருவார், பெரும்பாலும் பழங்குடி இளைஞர்கள். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் உண்டு. ஐயூரிலிருந்து சாமி ஏரி, அப்புறம் குத்திராயன் மலை. முதல் தடவை என்றால் ஐயூர், காலில் தெம்பு இருந்தால் குத்திராயன். கோடையில் தீ பிடிக்கிற மாதங்களில் மூடிவிடுவார்கள். அந்தச் சமயத்தில் எனக்கு ஆள் தெரியும், உள்ளே விட்டுவிடுவார் என்று யாராவது சொன்னால் மேலே சொன்ன ஒருவரோடு அவரையும் சேர்த்து அனுப்புங்கள்.

இந்தக் காடு லேசுப்பட்டதில்லை. 2014-ல் 500 சதுர கிலோமீட்டருக்குக் காவேரி வடக்கு சரணாலயம், 2022-ல் அதையொட்டி இன்னும் 686 சதுர கிலோமீட்டருக்குக் காவேரி தெற்கு சரணாலயம். ஆற்றங்கரை மருதமரத்தில் சாம்பல் நிற அணில் ஒன்று இருக்கிறது, வாலோடு சேர்த்தால் பூனையை விட நீளம். யானையைப் பார்க்கத் துடிப்பதை விட்டுவிட்டு அண்ணாந்து அதைத் தேடுங்கள்.

தங்கவயல் பக்கமே நடந்தாக வேண்டும் என்றால் கோலாரை ஒட்டி அந்தரகங்கை மலை. பெரிய பெரிய உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து உண்டான குகைகள், அடிவாரத்தில் வற்றாத ஊற்றோடு சிவன் கோயில். ஊற்று வரை படிக்கட்டு, மேலே குகைக்குள் உடம்பை ஒடுக்கி நெளிந்து போக வேண்டும். தொந்தி உள்ளவர்கள் கோயிலோடு நின்றுகொள்ளலாம். குரங்குகள் பையைப் பிடுங்கும். அப்புறம் பலமனேர் ரோட்டில் கைகல் அருவி, மழை முடிந்த கையோடு போனால் தண்ணீர் இருக்கும்.

கேள்வி: பெங்களூருக்கு முன்பே கேஜிஎஃப்பில் மின்சாரம் வந்துவிட்டது என்பது உண்மையா?
– மாணவி, ஊத்தங்கரை

பதில்: உண்மைதான் கண்ணு. 1902 ஜூனில் காவிரியின் சிவனசமுத்திரத்திலிருந்து 140 கிலோமீட்டருக்கு மேல் கம்பி இழுத்து நேராகச் சுரங்கத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் காலத்தில் உலகத்திலேயே நீளமான மின்பாதைகளில் ஒன்று. பெங்களூர்த் தெருவுக்கு 1905-ல்தான் விளக்கு வந்தது. பரீட்சைக்கு இன்னொன்றும் எழுதி வைத்துக்கொள்: 1965-ல் இதே சுரங்கத்தின் அடியில் காற்றுமண்டலத்திலிருந்து வருகிற நியூட்ரினோ என்ற துகளை முதன்முதலாகக் கண்டுபிடித்தார்கள். டாடா ஆராய்ச்சி நிறுவனத்தோடு ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளும் சேர்ந்து செய்தது. மேலே இருக்கிற பாறை மற்ற துகள்களையெல்லாம் வடிகட்டிவிடும், இது மட்டும் ஊடுருவி வரும். அதற்குத்தான் அவ்வளவு ஆழம் வேண்டியிருந்தது.

கேள்வி: நான் தங்கவயலில் பிறந்தவள், கல்யாணமாகி இங்கே வந்தேன். உங்களை மாதிரி ஆட்கள் எழுதி எழுதித்தான் எங்கள் ஊருக்கு ஞாயிற்றுக்கிழமையானால் கேமராவோடு வருகிறார்கள். அப்பா லுங்கியோடு வாசலில் உட்கார்ந்திருப்பதைக் கூடப் படம் எடுக்கிறார்கள். இது தேவையா?
– வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: கோபம் நியாயம்தான் அம்மா. சுரங்கம் மூடி இத்தனை வருடமாகியும் கம்பெனி வீடு யாருக்குச் சொந்தம் என்ற பஞ்சாயத்து தீராத ஊரில், ஓட்டைக் கூரையைப் பின்னணியாக வைத்துப் படம் எடுப்பதைப் பார்த்தால் எனக்கும் எரிகிறது. ஆனாலும் எழுதாமல் இருக்க மாட்டேன். நம் பிள்ளைகளுக்கு ஊட்டி தெரியும், ஏற்காடு தெரியும், எழுபது கிலோமீட்டரில் தங்கள் கொள்ளுப்பாட்டன் தோண்டிய ஊர் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் என்று விட எனக்கு மனம் வரவில்லை.

அதனால் வருகிறவர்களுக்கு இப்படிச் சொல்கிறேன். லைனுக்குள் நுழைந்தால் கேமரா பைக்குள் இருக்கட்டும். வாசலில் ஆள் இருந்தால் முதலில் வணக்கம், அப்புறம் பேச்சு. படம் வேண்டும் என்றால் கேட்டுவிட்டு எடுங்கள், வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு நகருங்கள். டீ, பன், பேட்டரி, தண்ணீர் பாட்டில் எதுவானாலும் அந்த ஊர்க் கடையிலேயே வாங்குங்கள். ஊரைச் சுற்றியிருக்கிற வெட்டவெளியில் வெளிமான் மேயும், அதைத் துரத்திப் படம் எடுக்கிற கூட்டமும் இருக்கிறது, அந்தக் கூட்டத்தில் சேராதீர்கள். கனரக வண்டிகள் செய்கிற பெமல் தொழிற்சாலை இன்னமும் ஓடுகிறது, அந்த மதில் பக்கம் கேமராவே வேண்டாம், காவலர்கள் விளையாட மாட்டார்கள்.

உங்கள் அப்பா எந்தச் சுரங்கம் என்று எழுதவில்லையே. சாம்பியன் ரீஃப் என்றால் எங்கள் மாமாவை அவருக்குத் தெரிந்திருக்கும். பத்திரிகை முகவரிக்கு ஒரு வரி போடுங்கள்.

கேள்வி: இவ்வளவு தூரம் எதற்கு? பக்கத்திலேயே, செலவில்லாமல், மலையும் பழைய காலமும் சேர்ந்த மாதிரி ஒரு இடம் சொல்லுங்கள்.
– வாசகர், ராயக்கோட்டை

பதில்: உங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஏறி நின்றால் தெரிகிறதே, அந்த மலைதான். திப்பு சுல்தானின் ஆட்களிடமிருந்து 1791-ல் ஆங்கிலேயர் பிடித்த கோட்டை. காலையில் வெயிலுக்கு முன்னால் ஏறுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், மேலே கடை இல்லை. ஏறிவிட்டு எழுதுங்கள், அப்புறம் தங்கவயலுக்கு வழி சொல்கிறேன்.